கல்விக் கடன்: முதல் தவணை எப்போது?

இரத்தோட்டையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் ஒரு வியாபாரிக்குக் காசோலைத் திகதியின் அருமையை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையின் படிப்புக்குக் கடன் எடுக்கும்போது, "எவ்வளவு தருவார்கள்?" என்று கேட்கும் நாம், "எப்போது கட்டத் தொடங்க வேண்டும்?" என்று கேட்க மறந்து விடுகிறோம்.

க.பொ.த. உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத மாணவர்களுக்காக 2017 இல் வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற அரச சார்பற்ற உயர்கல்வி நிறுவனங்களில் பட்டப்படிப்பைத் தொடர இக்கடன் அரச வங்கி ஊடாக வழங்கப்படுகிறது. வட்டியை அரசாங்கம் பொறுப்பேற்கிறது. முதலை மாணவர் திருப்பிச் செலுத்த வேண்டும். மஹாபொல போல இது புலமைப்பரிசில் அல்ல.

படிக்கும் காலத்தில் தவணை இல்லை. படிப்பு முடிந்த பின்னும் ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. அதன் பின்னரே தவணை ஆரம்பமாகும். உதாரணமாக, 2026 டிசம்பரில் படிப்பு முடிந்தால் 2027 டிசம்பர் வரை சலுகைக் காலம். 2028 ஜனவரியில் முதல் தவணைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கு படிப்பு முடிவதிலிருந்து ஓடுகிறது. வேலை கிடைத்த நாளிலிருந்து அல்ல. பிரித்தானியாவில் அரச மாணவர் கடன் பெற்றவர் குறிப்பிட்ட வருமான எல்லையைத் தாண்டினால்தான் கட்ட வேண்டும். அங்குள்ள உறவினர் சொல்வதைக் கேட்டு, "மகனுக்கு இன்னும் தொழில் இல்லையே" என்று இங்கே இருந்துவிட முடியாது.

வட்டியுள்ள சாதாரண வங்கிக் கடன் என்றால் சலுகைக் காலமும் இலவசமல்ல. ஒரு இலட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 வீதம் தனிவட்டி என்று வைத்துக் கொள்வோம். படிப்பு நான்காண்டு, சலுகை ஓராண்டு. முதல் தவணை கட்டும் முன்பே வட்டி மட்டும் 60,000 ரூபாய் சேர்ந்து விடும். தவணை பிந்துவது வேறு, வட்டி நிற்பது வேறு.

வியாபாரிகளை நேரடியாகத் தொடும் விடயம் பிணை. மகனின் கடனுக்கு வாப்பா கையொப்பமிட்டால், மகன் தவறும் தவணைக்கு வாப்பாவும் பொறுப்பாளி. 1990 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம், அதாவது நாம் 'கிரிப்' என்று சொல்வது, கடன் பெற்றவரின் விபரத்துடன் பிணையாளியின் விபரத்தையும் வைத்திருக்கிறது. நாளை அறுவடைக் காலத்தில் சரக்கு வாங்க நீங்கள் மேலதிகப் பற்றுக் கேட்கும்போது வங்கி பார்ப்பது அந்த அறிக்கையைத்தான். மகனின் நிலுவை உங்கள் கடையின் கொள்வனவை நிறுத்தக் கூடும்.

எனவே கையொப்பமிடும் முன் வங்கியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். "படிப்பு முடிந்த நாள்" என்று எதைக் கணக்கெடுக்கிறார்கள்: இறுதிப் பரீட்சையா, பெறுபேறா, பட்டமளிப்பா? படிப்பு தாமதித்தால் அல்லது பிள்ளை இடைநடுவில் விட்டால் தவணை எப்போது தொடங்கும்? மாதத் தொகை எவ்வளவு, எத்தனை மாதம்? பதிலை எழுத்தில் பெற்று ஒப்பந்தப் பிரதியோடு வையுங்கள்.

840,000 ரூபாய் வட்டியில்லாக் கடனை ஏழாண்டுகளில் கட்டுவதானால் மாதம் 10,000 ரூபாய். சலுகை ஆண்டிலேயே அத்தொகையை மாதாமாதம் ஒதுக்கி வந்தால், வேலை கிடைக்கத் தாமதமானாலும் முதல் பன்னிரண்டு தவணைகள் கையில் இருக்கும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. கடைக் கணக்குப் புத்தகத்தில் மகனின் முதல் தவணைத் திகதிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.