கப்பல் காத்திருக்காது: குரூஸ் போக முந்தின நாள் ஹோட்டல் எடுப்பது வேஸ்ட்டா?

போனஸ் கிரெடிட் ஆகும் சீசன்ல என்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி இது. "சிங்கப்பூர்ல இருந்து குரூஸ் புக் பண்ணியிருக்கோம். கப்பல் கிளம்புற அன்னைக்குக் காலைல போய் இறங்கினா போதாதா? முந்தின நாளே போனா ஹோட்டலுக்கு 12,000 ரூபாய் தண்டம்தானே?"

கேள்வி நியாயமானதுதான். பதிலை உணர்ச்சியா சொல்லாம, கணக்கு போட்டே பார்ப்போம்.

என் கிளையன்ட் ஒருத்தர், ஐ.டி. வேலை, மாசம் கைக்கு 80,000 வரும். கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் நாலு நாள் குரூஸ் 1,30,000 ரூபாய். சென்னை–சிங்கப்பூர் ரிட்டர்ன் டிக்கெட் 56,000. இதுக்காக 1,50,000 ரூபாய் பர்சனல் லோன் வேற. கப்பல் மாலை 5 மணிக்கு. ஃபிளைட் நள்ளிரவு 1 மணிக்குச் சென்னையில கிளம்பி, அங்கே காலை 8 மணிக்கு இறங்கும். (சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி. இதைக் கணக்குல விட்டுட்டு பிளான் போடறவங்க இன்னும் இருக்காங்க.) ஒன்பது மணி நேரம் கைல இருக்கேன்னு நிம்மதியா இருந்தாங்க.

ஊர் தூத்துக்குடி பக்கம். ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு, அங்கிருந்து மாலை ஃபிளைட்ல சென்னை வர்றதா பிளான். அது தனி டிக்கெட், தனி பி.என்.ஆர். நவம்பர் மழை. விமானம் இறங்க முடியாம ரத்து. அன்னைக்கு அதுக்கப்புறம் வேற ஃபிளைட் கிடையாது. சென்னைக்கு 600 கிலோமீட்டர். கார் எடுத்தாலும் பத்து மணி நேரம். முடிஞ்சது கதை.

சிங்கப்பூர்ல ஒன்பது மணி நேரம் இருந்தது, சென்னையிலயும் ஆறேழு மணி நேரம் இருந்தது. ஃபிளைட் லேட்டானா இந்த மணி நேரமெல்லாம் உதவும். ரத்தாயிட்டா நடுவுல ஒரு முழு இரவு இருந்தால்தான் வேற வழி பார்க்க முடியும்.

இனி பணம் எங்கே போச்சுன்னு பார்ப்போம். குரூஸ் கம்பெனி கணக்குல இவங்க 'நோ ஷோ'. கட்டணம் திரும்ப வராது. துறைமுகக் கட்டணமும் வரியும் மட்டும், அஞ்சு மெயில் போட்டப்புறம், 17,000 வந்தது. சிங்கப்பூர் ஃபிளைட்லயும் நோ ஷோ. போகும்போது ஏறலைன்னா வரும்போதுள்ள டிக்கெட்டும் தானாவே கேன்சல் ஆகும், இது நிறைய பேருக்குத் தெரியாது. நம்ம டி.ஜி.சி.ஏ. விதிப்படி, பயணம் பண்ணாத டிக்கெட்டுக்கும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரணும். அதைக் கேட்டு வாங்கினதுல 7,000. ஆக நிகர நஷ்டம் 1,62,000. ரெண்டு மாசச் சம்பளம். போகாத டிரிப்புக்கு மாசம் சுமார் 13,500 ரூபாய் இ.எம்.ஐ., பன்னிரண்டு மாசம்.

"ஏர்லைன்ஸ் நஷ்டஈடு தராதா?" உள்நாட்டு ஃபிளைட்டை முன்கூட்டிச் சொல்லாம ரத்து பண்ணினா, பயண நேரத்தைப் பொறுத்து அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உண்டு. காரணம் வானிலைன்னா அதுவும் இல்லை, டிக்கெட் பணம் மட்டும்தான். நீங்க கப்பலைத் தவறவிட்டது அவங்க கணக்குலயே வராது.

"இன்ஷூரன்ஸ்?" எடுத்திருந்தார், பைசா வரலை. பல ஓவர்சீஸ் டிராவல் பாலிசிகள் இந்தியாவை விட்டுக் கிளம்பினப்புறம்தான் ஆரம்பிக்கும், உள்ளூர் ஃபிளைட் ரத்து அதுக்கு வெளியே. 'மிஸ்டு கனெக்ஷன்'னு போட்டிருந்தாலும் அது ஃபிளைட்டுக்கு ஃபிளைட் மட்டுமா, கப்பலும் சேர்த்தான்னு பாலிசி வாசகத்துல தேடிப் பாருங்க. பிரீமியம் கட்டுறதுக்கு முன்னாடி தேடுங்க.

"கப்பல் கொஞ்சம் வெயிட் பண்ணாதா?" 2024 மார்ச்ல நார்வீஜியன் டான் என்ற கப்பல், ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவுல சுற்றிப் பார்க்கப் போய் லேட்டா வந்த எட்டுப் பயணிகளை விட்டுட்டே கிளம்பிடுச்சு. அவங்க நாடு நாடாத் தாண்டி காம்பியாவுக்குப் போய்க் காத்திருந்தா, கடல்மட்டம் சரியில்லைன்னு கப்பல் அங்கே நிற்கவே இல்லை. கடைசியில செனகல்ல போய்த்தான் பிடிச்சாங்க. ஏற்கெனவே கப்பல்ல இருந்தவங்களுக்கே இந்த நிலைமை. ஏறவே வராதவங்களுக்கு யாரும் காத்திருக்க மாட்டாங்க. மாலை 5 மணிக்குக் கப்பல்னா, செக்-இன் அதுக்கு ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் முன்னாடியே மூடிடும். உங்க கெடு 5 இல்லை, மூன்றரை.

சரி, 12,000 ரூபாய் ஹோட்டலுக்கு வருவோம். 12,000-ஐ 1,62,000-ஆல் வகுத்தா சுமார் 7.4 சதவீதம். அதாவது பதினாலு டிரிப்புக்கு ஒரு தடவை கப்பலைத் தவறவிடுவீங்கன்னா ஹோட்டல் செலவும் நஷ்டமும் சமம். சென்னையில இருந்து நேரடி ஃபிளைட்ல காலைல இறங்குறவங்களுக்கு ரிஸ்க் அவ்வளவு இருக்காதுன்னு நீங்க வாதாடலாம். ஒத்துக்கறேன். ஆனா பதினாலு டிரிப்போட சராசரி, பதினாலு தடவை போறவனுக்குத்தான் உதவும். நீங்க போறது ஒரே தடவை. டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இந்தச் சராசரியை யாரும் பார்க்கறதில்லை. தாங்க முடியாத நஷ்டமான்னுதான் பார்க்கிறோம். பிரீமியத்துக்கு எதிரா எதுவும் கைக்கு வராது, இந்த 12,000-க்கு ஒரு சாயங்காலம் லிட்டில் இந்தியாவாவது மிச்சம்.

என் கருத்து: லோன் போட்டுப் போறீங்கன்னாலோ, வழியில தனி பி.என்.ஆர். டிக்கெட் இருந்தாலோ முந்தின நாளே போயிடுங்க, யோசிக்கவே வேண்டாம். நேரடி ஃபிளைட், எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசத்துக்கு இருக்குன்னா, காலைல இறங்குற ரிஸ்க் உங்க இஷ்டம். மதியம் இறங்குற ஃபிளைட் யாருக்குமே வேண்டாம்.

சிங்கப்பூர்ல இறங்கினப்புறமும் சில சறுக்கல் இருக்கு. அங்கே ரெண்டு குரூஸ் டெர்மினல்: மரினா பே ஒண்ணு, ஹார்பர்ஃபிரண்ட் இன்னொண்ணு. டாக்சில ஏறி சும்மா 'குரூஸ் சென்டர்'னு சொல்லாதீங்க. விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பாருங்க, ஏன்னா பினாங்கு போய்த் திரும்பும்போது நீங்க மறுபடி சிங்கப்பூருக்குள்ள நுழையறீங்க. எஸ்.ஜி. அரைவல் கார்டு இலவசம். பணம் கேட்கிற வெப்சைட் அரசு சைட் இல்லை.

கடைசியா ஒரு விஷயம், இது என் தொழில் புத்தி. ஏஜென்ட்கிட்ட வெளிநாட்டு டூர் பேக்கேஜா வாங்கியிருந்தா, பில்லுல டி.சி.எஸ்.னு ஒரு தொகை பிடிச்சிருப்பாங்க. டிரிப் போனாலும் போகாட்டியும் அது உங்க பான் கணக்குல வரவா நிற்கும். ரிட்டர்ன்ல காட்டினா வரியில கழியும், மிச்சம் ரீஃபண்ட். கம்பெனி எச்.ஆர்.கிட்ட முன்னாடியே தெரிவிச்சா சம்பள டி.டி.எஸ்.ல இருந்தே அதைக் குறைச்சுக்கலாம். அந்த கிளையன்ட்டுக்கு இந்த வழியில வர வேண்டியதை ஃபைல் பண்ணியாச்சு, இப்போ ரீஃபண்டுக்காகக் காத்திருக்கோம்.