கதவு தானாக இளகும் வரை

லண்டனின் கேம்டன் சந்தைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சாப்பிடப் போவார்கள். நான் முதன்முதலில் போனது நண்பரின் படகில், அங்குள்ள ஹாம்ப்ஸ்டெட் ரோடு லாக்கைக் கடக்க. கரையில் நூடுல்ஸ் டப்பாவும் கையுமாக முப்பது பேராவது எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால்தான் படகை மூழ்கடிக்கப் பார்த்தேன்.

1820-இல் லைம்ஹவுஸ் வரை திறக்கப்பட்டது அந்த லாக் இருக்கும் ரீஜன்ட்ஸ் கால்வாய். கேம்டனிலிருந்து லைம்ஹவுஸ் போவதற்குள் 12 லாக்குகள்; மொத்த இறக்கம் 86 அடி. லாக் என்பது இருபுறமும் கதவு போட்ட கல்தொட்டி. தொட்டியை மேல்மட்டம் வரை நிரப்பி, படகை உள்ளே விட்டு, மேல்கதவைச் சாத்த வேண்டும். பிறகு கீழ்ப்பக்க ஷட்டர்களைத் தூக்கினால் தண்ணீர் வடியும். கூடவே படகும் இறங்கும். ஷட்டரைத் தூக்க விண்ட்லாஸ் என்ற வளைந்த இரும்புக் கைப்பிடி. மற்றதெல்லாம் நம் உடம்பு பலம்.

அன்று சுக்கான் என் கையில். கரையிலிருந்து ஒரு சிறுவன், “ஆழம் எவ்வளவு?” என்று கேட்டான். பெருமையாகத் திரும்பி விளக்கம் சொன்னேன். அதற்குள் படகு மெல்லப் பின்னால் நகர்ந்துவிட்டது. மேல்கதவுக்கு அடியில் கல்லால் ஆன ஒரு நிலைப்படி உண்டு. தண்ணீர் இறங்க இறங்க அது வெளியே தெரியும். படகின் பின்பகுதி அதில் உட்கார்ந்துவிட்டால் முன்பகுதி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். ‘கரக்’ என்ற சத்தம் கேட்டது. கரையில் நின்ற நண்பர், “மூடு, மூடு!” என்று கத்திக்கொண்டே ஓடினார். கீழ் ஷட்டர்களை அடைத்து, மேல் ஷட்டரைக் கொஞ்சமாகத் திறந்தார். தண்ணீர் ஏறி, படகு நிமிர்ந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

அதன்பிறகு பலமுறை அந்த வழியே போய்வந்துவிட்டேன். கற்றுக்கொண்டவை இவை:

வெள்ளைக்கோடு: நிலைப்படி எதுவரை நீண்டிருக்கிறது என்பதைச் சுவரில் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். இறங்கும்போது படகின் பின்முனை அதற்கு முன்னால் இருக்க வேண்டும். கண் அந்தக் கோட்டைவிட்டு அகலக்கூடாது.

கயிறு: கரைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருங்கள். முடிச்சுப் போடாதீர்கள். தண்ணீர் இறங்கும்போது முடிச்சிட்ட கயிறு படகைத் தொங்கவிட்டுவிடும்.

விண்ட்லாஸ்: சுற்றி முடித்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பற்சக்கரம் நழுவினால் அது சுழன்று பறந்து முகத்தில் அடிக்கும். இரண்டு வைத்திருங்கள், ஒன்று எப்படியும் தண்ணீருக்குள் போகும்.

கதவு: இருபுறமும் நீர்மட்டம் சமமாகும் முன் யார் தள்ளினாலும் நகராது. சில அங்குல வித்தியாசமே போதும், தண்ணீர் கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காத்திருங்கள். சமமானதும் அதுவாகவே இளகும். அப்போது கதவின் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றித் தள்ளுங்கள்.

ஏறும்போது: ஷட்டரைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திறங்கள். கதவிலேயே ஷட்டர் இருந்தால் அதைக் கடைசியில் திறங்கள். அவசரப்பட்டால் தண்ணீர் நேராகப் படகின் முன்தளத்தில் கொட்டும்.

நகரத்துக்கென்றே சில தொல்லைகள் உண்டு. பிளாஸ்டிக் பைகள் படகை உந்தும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகே அதில் கைவையுங்கள். விசிறிக்கு மேலுள்ள மூடியைத் திரும்ப இறுக்க மறந்தால் அந்த வழியாகவே தண்ணீர் புகும். மரக்கையில் உட்கார்ந்து பீர் குடிப்பவர்களிடம் சிரித்த முகத்தோடு எழச் சொல்லுங்கள். அவர்களையே தள்ளச் சொன்னால் சந்தோஷமாகத் தள்ளுவார்கள்.

இன்னொன்று, தண்ணீர்க் கணக்கு. ஒருமுறை லாக்கைக் காலி செய்தால் சுமார் இரண்டரை லட்சம் லிட்டர் கீழே போய்விடும். தொட்டியின் அகலம் 14 அடி. எங்கள் படகின் அகலம் 7 அடிக்கும் சற்றுக் குறைவு. ஆகவே இரண்டு படகுகள் ஒட்டி நிற்கலாம். பின்னால் ஒருவர் வருவது தெரிந்தால் பத்து நிமிடம் பொறுங்கள். தண்ணீரும் மிச்சம், கதவு தள்ள ஆளும் கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கரையில் நிற்பவரோடு சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் இரைச்சலிலும் கூட்டத்தின் சத்தத்திலும் குரல் எடுபடாது. நாங்கள் வைத்திருப்பது ஒரே சைகைதான்: கையை உயர்த்தினால் ஷட்டரை மூடு, காரணத்தை அப்புறம் கேள்.

கேம்டனில் உங்களையும் வேடிக்கை பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், கேள்வி கேட்பார்கள். கீழ்க்கதவைத் தாண்டி வெளியே வந்தபிறகு பதில் சொல்லுங்கள்.