ஓடைக்கரையில் வண்ணத்துப்பூச்சியும் தட்டானும்

அன்புள்ள மருமகனுக்கு,

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் வண்ணத்துப்பூச்சியையும் தட்டானையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். இரண்டுக்கும் 6 கால்கள், 4 இறக்கைகள். ஆனால் அவை ஓடையை நாடும் காரணம் வேறு வேறு.

வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் ஈர மணலுக்காக வருகிறது. பூந்தேனில் சர்க்கரை நிறைய, உப்பு மிகக் குறைவு. அந்தக் குறை தீர, கரைச் சேற்றில் கூட்டமாக உட்கார்ந்து உப்புக் கரைந்த நீரை உறிஞ்சுகுழலால் இழுக்கின்றன. இவற்றில் ஆண்களே அதிகம். இணையும்போது அந்த உப்பில் ஒரு பங்கு பெண்ணுக்கும், அதன் வழியே முட்டைகளுக்கும் போய்ச் சேர்கிறது. சில வகைகள் குடிக்கக் குடிக்கவே உடலின் பின்முனை வழியாக நீரைப் பீய்ச்சிவிடும். உப்பு மட்டும் உள்ளே தங்கும்.

தட்டானுக்கோ ஓடைதான் பிறந்த வீடு. பெண் தட்டான் வால் நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டுப் பறப்பது முட்டையிடுவதற்காக; தண்ணீர் குடிப்பதற்காக அல்ல. முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சி நீருக்கடியில் மாதக்கணக்கில், சில வகைகளில் ஆண்டுக்கணக்கில் வளரும். அதன் செவுள்கள் குடலின் கடைசிப் பகுதியில் இருக்கின்றன. அங்கே இழுத்த நீரை வேகமாக வெளியே தள்ளினால் உடல் முன்னே பாயும். முகத்துக்கடியில் மடங்கிக் கிடக்கும் கீழுதடு, கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு கொசுப்புழுவைக் கவ்விவிடும். பூச்சியினத்தில் இத்தனை வியப்பான வாய் அரிது.

வளர்ந்த இளம்பூச்சி செடித்தண்டில் ஏறித் தோலுரித்து நேரே தட்டானாகிவிடும். வண்ணத்துப்பூச்சியின் புழுவோ நிலத்தில் இலை தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, அதன் பிறகே சிறகு பெறும்.

வண்ணத்துப்பூச்சியின் இறக்கையைத் தொட்டால் விரலில் ஒட்டுவது நுண்ணிய செதில்கள், நிறமெல்லாம் அவற்றில்தான். உட்காரும்போது பெரும்பாலும் இறக்கைகளை மேலே சேர்த்துக்கொள்ளும். தட்டானின் இறக்கை பெரும்பாலும் கண்ணாடிபோல் தெளிவானது. உட்கார்ந்தாலும் விரித்தபடியே இருக்கும். தட்டான்போலத் தோன்றியும் இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் அது பெரும்பாலும் ஊசித்தட்டான். நான்கு இறக்கைகளையும் தனித்தனியே அசைக்க முடிவதால், தட்டான் அந்தரத்தில் நிற்கும், பின்னோக்கியும் பறக்கும், பறந்தபடியே கொசுவைப் பிடித்துத் தின்னும்.

ஓடையில் சாயக்கழிவு கலந்தால் வண்ணத்துப்பூச்சி வேறு கரைக்குப் போகலாம். நீருக்குள் வளரும் இளம்பூச்சிக்குப் போக்கிடம் இல்லை. அதனால்தான் ஓடை நீரின் தரத்தை அறிய விரும்பும் ஆய்வாளர்கள் தட்டான் இளம்பூச்சிகளைத் தேடிப் பார்க்கிறார்கள்.

அன்புடன்,
மாமா