எஸ்எஸ்டி எத்தனை டெராபைட் தாங்கும்? வீட்டிலேயே சோதிக்கும் முறை

எஸ்எஸ்டி வாங்கும்போது அதன் விவரக்குறிப்பில் 'டிபிடபிள்யூ' என்று ஓர் எண் இருக்கும். உத்தரவாதம் செல்லுபடியாகும் வரை மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதைச் சொல்வது அது. சாம்சங் 870 ஈவோ 1 டெராபைட் டிஸ்க்குக்கு 600. அதே கொள்ளளவுள்ள 870 கியூவிஓவுக்கு 360. முன்னது ஒரு செல்லில் 3 பிட் வைக்கிறது, பின்னது 4 பிட். பிட் கூடக்கூட மின்னேற்ற அளவுகளுக்கு இடையேயான இடைவெளி சுருங்குகிறது. எழுதி எழுதித் தேய்ந்த செல்லில் மின்னேற்றம் கொஞ்சம் கசிந்தாலே போதும், பிழை விழுந்துவிடும்.

ஆனால் அந்த எண்ணைத் தொட்டதும் டிஸ்க் செத்துவிடாது. தி டெக் ரிப்போர்ட் இணையதளக் குழு 2013 ஆகஸ்டில் தொடங்கி 2015 மார்ச் வரை 6 டிஸ்க்குகளில் இடைவிடாமல் எழுதிப் பார்த்தது. அத்தனையும் 700 டெராபைட்டைத் தாண்டின. சாம்சங் 840 புரோ 2.4 பெட்டாபைட் வரை போனது. இன்டெல் 335 மட்டும் 700ஐக் கடந்த கொஞ்ச நேரத்தில், வடிவமைத்தபடியே, எழுதுவதை நிறுத்திக்கொண்டது. கணினியை அணைத்துப் போட்ட பிறகு டிஸ்க்கே கண்ணில் படவில்லை. நம் சோதனைக்கான முக்கியமான பாடம் அதில் இருக்கிறது: எவ்வளவு எழுத முடிந்தது என்பது பாதிக் கணக்குதான். எழுதியது பிழையில்லாமல் திரும்பி வருகிறதா என்பதே மீதி.

முதலில் நேரக் கணக்கு. நொடிக்கு 400 மெகாபைட் வேகம் நிலையாகக் கிடைத்தால் 600 டெராபைட் எழுத 17 நாளுக்குச் சற்று மேல் ஆகும். 870 கியூவிஓ 1 டெராபைட் டிஸ்க் வேகமாக எழுத உதவும் அதன் தற்காலிகப் பகுதி நிரம்பியதும் 80 மெகாபைட்டுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் 360 டெராபைட் எழுத 52 நாள். அத்தனை நாளும் தடையில்லா மின்சாரம் வேண்டும், எனவே யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். டிஸ்க்கை மதர்போர்டில் நேரடியாக மாட்டுங்கள். யுஎஸ்பி பெட்டிகள் சில, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் 'ஸ்மார்ட்' தகவலை வெளியே விடுவதில்லை. என்விஎம்இ டிஸ்க் என்றால் ஹீட்சிங்க்கும் விசிறியும் அவசியம். சூடேறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இயங்குதளம் வேறு டிஸ்க்கில் இருக்கட்டும். லினக்ஸில், எழுதிச் சோதிக்கும் எஃப்ஐஓ, ஸ்மார்ட் தகவலை வாசிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் ஆகிய இரண்டு நிரல்களையும் நிறுவிக்கொள்ளுங்கள். கட்டளை கொடுப்பதற்கு முன் டிஸ்க்கின் சீரியல் எண்ணை, அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். இந்தச் சோதனை டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடும். தவறான டிஸ்க்கைக் காட்டிவிட்டால் மீட்க வழி கிடையாது.

புதிய டிஸ்க் என்றால், சொன்ன கொள்ளளவு உண்மையிலேயே இருக்கிறதா என்பதை எஃப்3 நிரலால் ஒருமுறை பாருங்கள். போலி டிஸ்க்குகள் 1 டெராபைட் என்று காட்டிவிட்டு உள்ளே அதில் ஒரு பங்கு மட்டுமே வைத்திருக்கும். அதில் தாங்குதிறனைச் சோதிப்பது வீண் வேலை.

அடுத்து டிஸ்க்கை இரண்டாகப் பிரியுங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அசையாக் கோப்புகளை நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ256 கைரேகையை எடுத்து வேறு டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள். இதை விட்டுவிட்டால் சோதனை உங்கள் அன்றாடப் பயன்பாட்டைப் போல இருக்காது. நம் கணினியிலும் படங்கள், நிரல்கள் என்று மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பவைதான் அதிகம். தேய்மானத்தைச் சமமாகப் பகிர, டிஸ்க்கின் கட்டுப்பாட்டுச் சிப் அவற்றையும் அவ்வப்போது இடம் மாற்றும். அந்த நகர்வில் ஏதாவது கெட்டால் கைரேகை காட்டிக்கொடுத்துவிடும். சொந்தப் படங்களையோ ஆவணங்களையோ இங்கே போடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

மீதிப் பகுதியில் எஃப்ஐஓவை ஓட்ட வேண்டும். மூன்று அமைப்புகளில் கவனம் வையுங்கள். 'டைரக்ட்' இயக்கத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால், சரிபார்க்கும்போது தரவு டிஸ்க்கிலிருந்து வராமல் ராமிலிருந்து வந்து, எல்லாம் நலம் என்று சொல்லிவிடலாம். 'வெரிஃபை'யில் சிஆர்சி32சி போடுங்கள். ஒரு சுற்று எழுதி முடித்ததும் அதை வாசித்துச் சரிபார்க்கும். மூன்றாவது, எழுதும் தரவு ஒவ்வொரு முறையும் புதிய தற்செயல் தரவாக இருக்க வேண்டும். டெக் ரிப்போர்ட் சோதித்த இரண்டு கிங்ஸ்டன் ஹைப்பர்எக்ஸ் 3கே டிஸ்க்குகளில் இருந்த சாண்ட்ஃபோர்ஸ் சிப், தரவைச் சுருக்கி எழுதக்கூடியது. சுருக்க முடியாத தரவைச் சுமந்தது 728 டெராபைட்டில் நின்றது, சுருக்கக்கூடியதைச் சுமந்தது 2.1 பெட்டாபைட் வரை ஓடியது. சுழியங்களை எழுதிவிட்டு டிஸ்க் நெடுநாள் உழைத்தது என்று சொல்வதில் பொருளில்லை.

வரிசையாக 128 கிலோபைட் துண்டுகளில் எழுதுவது டிஸ்க்குக்கு எளிது. 4 கிலோபைட் துண்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுதினால், இடத்தைக் காலிசெய்ய உள்ளேயே தரவை நகர்த்த வேண்டியிருக்கும். நீங்கள் 1 டெராபைட் அனுப்பினால் செல்களில் அதைவிட அதிகம் எழுதப்படும். பெரும்பகுதி வரிசையாகவும், கொஞ்சம் சிதறலாகவும் வைத்து, விகிதத்தைக் குறித்துவிட்டு, கடைசி வரை மாற்றாமல் இருங்கள்.

தினம் ஒருமுறை ஸ்மார்ட் தகவலை எடுத்து வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். என்விஎம்இயில் 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்' எண்ணை 5,12,000ஆல் பெருக்கினால் பைட் கணக்கு வரும். உதாரணத்துக்கு, 4 கோடி என்று காட்டினால் 20.48 டெராபைட் எழுதப்பட்டிருக்கிறது. 'பெர்சன்டேஜ் யூஸ்ட்' என்பது தயாரிப்பாளரின் தேய்மான மதிப்பீடு. அது 100ஐத் தாண்டலாம், அதனால் பதற வேண்டாம். 'அவைலபிள் ஸ்பேர்' சரிவதும், 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' சுழியத்திலிருந்து நகர்வதும்தான் கவலைக்குரிய அறிகுறிகள். சாட்டா டிஸ்க்கில் 5ஆம் எண் மாற்றப்பட்ட செக்டர்களைச் சொல்லும், 241 பெரும்பாலும் எழுதிய அளவைச் சொல்லும். 241இன் அலகு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், 100 ஜிகாபைட் எழுதி முன்னும் பின்னும் எண்ணைப் பார்த்து நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிபிடபிள்யூ எல்லையைத் தொட்டதும் எழுதுவதை நிறுத்தி, எல்லாக் கைரேகைகளையும் சரிபாருங்கள். பிறகு டிஸ்க்கைக் கழற்றி மின்சாரமில்லாமல் சில வாரம் வைத்து, மறுபடி மாட்டிச் சரிபாருங்கள். பலரும் தவிர்க்கும் கட்டம் இது. என்னைக் கேட்டால், சோதனையிலேயே இதுதான் உயிர். ஜெடெக் அமைப்பின் ஜேஇஎஸ்டி218 வரையறைப்படி, சாதாரணப் பயனருக்கான டிஸ்க் தன் தாங்குதிறன் முழுவதும் தீர்ந்த பின்னும், மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும். சூடு கூடினால் கசிவும் வேகமாகும். கத்திரி வெயிலில் பூட்டிய அறை 30ஐ எளிதில் தாண்டிவிடும் என்பதால், அறையின் வெப்பத்தையும் குறித்து வையுங்கள்.

அதன் பிறகு சாகும்வரை ஓட்டுவது உங்கள் விருப்பம். ஓட்டினால், எழுதும்போது முதல் பிழை வந்ததும் கணினியை அணைக்காமல் ஸ்மார்ட் தகவலை எடுத்துவிடுங்கள். அணைத்த பின் அது மீண்டும் கிடைக்கும் என்ற உறுதியில்லை. ஒரே ஒரு டிஸ்க்கை வைத்து ஒரு பிராண்டையே புகழவோ பழிக்கவோ கூடாது. அந்த டிஸ்க், அந்த விகிதம், அந்த வெப்பம், அவ்வளவுக்குத்தான் முடிவு பொருந்தும்.

டிஸ்க்கைப் பலிகொடுக்க மனமில்லாதவர்கள் மேலே சொன்ன பெருக்கலை மட்டும் செய்து பார்க்கலாம். 2 ஆண்டில் 20.48 டெராபைட் எழுதியவருக்கு 600ஐத் தொட மொத்தம் 58 ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் வேறு காரணத்தால் டிஸ்க் போக வாய்ப்பு அதிகம் என்பதால், காப்புப் பிரதி எடுப்பதில் செலுத்தும் கவனம்தான் அவருக்குப் பயன்படும்.

சோதித்த டிஸ்க் இன்னும் ஓடினாலும் விற்கவோ, யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம். வாசிக்க மட்டும் முடிகிற நிலைக்குப் போன டிஸ்க்கில் இருப்பதை அழிக்க முடியாது. சொந்தக் கோப்பு போட வேண்டாம் என்று முன்பே சொன்னது இதனால்தான். 'சோதித்தது' என்று லேபிள் ஒட்டி, மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.