பரிகானாவில் ஒரு வகுப்பறை

எட்டாம் வகுப்பில் 1857 புரட்சியை நடத்தும்போது, அவத் இணைப்பை வாரிசு இழப்புக் கொள்கையின் கீழ் எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. அவத்தில் வாரிசுக்குக் குறைவில்லை. ஆட்சி சரியில்லை என்று காரணம் காட்டி 1856-இல் ஆங்கிலேயர் அதைப் பறித்தனர். நவாப் வாஜித் அலி ஷா லக்னோவை விட்டுக் கல்கத்தா சென்றார், பிறகு திரும்பவேயில்லை. இதை விளக்கிய அன்று ஒரு மாணவி கேட்டாள்: "அவரோட அரண்மனை என்னாச்சு டீச்சர்?"

அந்தக் கேள்விக்காகவே அடுத்த பாடவேளையை ஒதுக்கினேன்.

லக்னோவின் கைசர்பாக் அரண்மனை வளாகத்தில் 'பரிகானா' என்றொரு கட்டடம் உண்டு. 'தேவதைகளின் இல்லம்' என்பது பொருள். நவாப் காலத்தில் பெண்களுக்கு அங்கே இசையும் நடனமும் கற்பிக்கப்பட்டன. ஆனால் அந்தக் கலை நவாப் ஒருவரின் அவைக்கு உரியது. இன்று அதே கட்டடத்தில் பாத்கண்டே பல்கலைக்கழகம் இயங்குகிறது.

விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860–1936) வழக்கறிஞர். இந்துஸ்தானி இசை பெரும்பாலும் குரு குடும்பங்களுக்குள்ளேயே கைமாறிவந்த காலம் அது. அவர் ஊர் ஊராகச் சென்று பாடல்களைக் கேட்டு, சுரக்குறிப்புடன் எழுதி, 'கிரமிக் புஸ்தக் மாலிகா' என்ற பாடநூல் வரிசையாக வெளியிட்டார். 1904-இல் தமிழகத்துக்கும் வந்தார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். வேங்கடமகியின் 72 மேள முறை அவர் சிந்தனையைத் தூண்டியது. இந்துஸ்தானி ராகங்களை அவர் 10 'தாட்'களாக வகுத்தார். நம் குழந்தைகள் சரளி வரிசை பயிலும் மாயாமாளவகௌளையின் சுரங்களே அங்கே பைரவ் தாட்.

1926-இல் அவர் முயற்சியால் லக்னோவில் தொடங்கிய கல்லூரிக்கு அன்றைய ஆளுநர் மாரிஸின் பெயர் வைக்கப்பட்டது. 1966-இல் மாநில அரசு அதை ஏற்று பாத்கண்டேயின் பெயரைச் சூட்டியது. 2000-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும், 2022-இல் மாநிலப் பல்கலைக்கழகமாகவும் அது உயர்ந்தது.

"புத்தகம் வந்தாச்சுன்னா குரு எதுக்கு?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஒரே வரியை எழுத்தைப் பார்த்து ஒருமுறையும், நான் பாடிக்காட்டிய பின் ஒருமுறையும் பாடச் சொன்னேன். விடையை அவனே சொல்லிவிட்டான். புத்தகம் கதவைத் திறந்தது. உள்ளே அழைத்துச் செல்ல ஆசிரியர் வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடாக, நம் ஊரில் பயன்பாடு மாறிய பழைய கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். முன்பு அதற்குள் யார் நுழைய முடிந்தது, இன்று யார் நுழைகிறார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரட்டும்.