கிரான் மெயில் குவிகிறதா?

சர்வரில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கிரான் வேலை, ஒரே நாளில் 288 மெயில் வரை அனுப்பிவிடும்.

1. அவற்றை ஸ்பேமுக்குத் தள்ளாதீர்கள். நிஜமான பிழைச் செய்தியும் அங்கேயே புதைந்துவிடும்.

2. கட்டளை வரியின் கடைசியில் > குறி போட்டு, 'ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் நல்' என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேருங்கள். கட்டளை ஏதாவது செய்தி வெளியிட்டால்தான் கிரான் மெயில் அனுப்பும். வழக்கமான செய்தி இப்படி அடங்கிவிடும், பிழைச் செய்தி மட்டும் வரும். பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

3. கூடவே 2>&1 சேர்க்காதீர்கள், முக்கியமாக பேக்கப் வேலைக்கு. அது பிழைச் செய்தியையும் அடக்கிவிடும், பேக்கப் நின்றுபோனாலும் உங்களுக்குத் தெரியாது.

4. மெயிலே தேவைப்படாத வேலைகளுக்கு மேல், ஆங்கிலப் பெரிய எழுத்தில் மெயில்டூ="" என்ற வரியை எழுதுங்கள். கீழே உள்ள எல்லாவற்றையும் அது கட்டுப்படுத்தும் என்பதால், அந்த வேலைகளைக் கிரான் கோப்பின் கடைசியில் வையுங்கள்.