ஒரே பள்ளத்தில் இரண்டு ஒலி

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களோடு பழைய ஸ்டீரியோ ஒன்று இருக்கிறதா? அதன் இசைத்தட்டில் ஓடுவது ஒரே ஊசி. அது ஓடுவதும் ஒரே பள்ளத்தில். பிறகு எப்படி இரண்டு ஸ்பீக்கர்களிலும் வெவ்வேறு ஒலி வருகிறது?

காதுகளின் கணக்கு

முதலில் நம் காதுகளைப் பார்ப்போம். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தூரம். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆகவே, இடப்பக்கம் எழும் ஒலி வலக்காதை அடைய ஏறக்குறைய 0.0006 வினாடி கூடுதலாகும். இந்தச் சிறு தாமதத்தையும் ஒலியளவின் வேறுபாட்டையும் கொண்டே ஒலி வரும் திசையை மூளை கண்டுபிடிக்கிறது.

என் சிறுவயதில், இசைத்தட்டைச் சுழலவிடும் முன் தாத்தா என்னை இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் உட்காரச் சொல்வார். வயலின் இடப்பக்கம், தபேலா வலப்பக்கம் கேட்கும். பாடகரின் குரலோ நடுவிலிருந்து வரும். அங்கே ஸ்பீக்கரே கிடையாது! இரு பக்கமும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் வரும் ஒலியை மூளை நடுவில் வைத்துவிடுகிறது.

பள்ளத்தின் இரகசியம்

இதற்கு வழிவகுத்தவர் ஆலன் புளூம்லைன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர். 1931 டிசம்பரில் அவர் ஸ்டீரியோ ஒலிக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1942இல் ரேடார் சோதனையின்போது விமான விபத்தில் இறந்தார், வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958இல்தான். அதை அவர் பார்க்கவில்லை.

இசைத்தட்டின் பள்ளம் 'V' வடிவம் கொண்டது. அதன் இரு சுவர்களும் 45 பாகை சாய்ந்தவை, ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. தட்டின் மையத்தை ஒட்டிய சுவரில் இடப்பக்க ஒலியும், வெளிவிளிம்பை ஒட்டிய சுவரில் வலப்பக்க ஒலியும் பதிந்திருக்கும். ஊசி இரு திசைகளிலும் அதிர்கிறது. பல ஸ்டீரியோக்களில், அந்த ஊசித்தண்டின் மறுமுனையில் சிறு காந்தம் இருக்கும். காந்தம் அசைய, பக்கத்திலுள்ள கம்பிச்சுருள்களில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஆம், பாடநூலில் வரும் மின்காந்தத் தூண்டலேதான்! ஒரு சுவருக்கு ஒரு சுருள். சில மில்லிவோல்ட் அளவேயான அந்தச் சமிக்ஞையை ஆம்ப்ளிஃபையர் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

செய்து பார்ப்போம்

1. காதொலிப்பான் அணிந்து, இசைக்கருவிகள் இருபுறமும் பிரிந்து ஒலிக்கும் பாடல் ஒன்றைக் கேளுங்கள்.
2. கைப்பேசி அமைப்பில் 'மோனோ' என்ற தெரிவு இருந்தால், அதற்கு மாற்றுங்கள்.
3. கருவிகள் எங்கே நகர்ந்தன? காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

பழைய சாமான் வாங்குபவர் எடுத்துச் செல்லும் முன், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அந்த ஸ்டீரியோவை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். மூடியை மட்டும் கழற்றாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். ஊசியை எப்படி மெதுவாக இறக்குவது என்று தாத்தாவுக்குத் தெரியும். அவரையே கேளுங்கள்.